பரப்பப்படுவதும் பார்க்கப்படுவதும்: தொலைக்காட்சியின் தகவற் பன்மையை அளத்தல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தேழாவது காதை ‘சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை’ எனப் பெயர் பெறும். வஞ்சி மாநகரிலே அளவைவாதி முதலாகப் பூதவாதி ஈறாகப் பதின்மர் தத்தம் கொள்கைகளை விரித்துரைக்க, மணிமேகலை ஒருவரை அடுத்து ஒருவராக அவர்களிடம் சென்று செவிமடுக்கின்றாள். பண்டைத் தமிழகத்தின் சமயப் பன்மைக்குச் சான்றாகவே இக்காதையை நம் ஆய்வாளர் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவர். அது பொருத்தமானதே. எனினும் அக்காதையில் இரு வேறு செய்திகள் பின்னிக் கிடக்கின்றன என்பது மனங்கொளத்தக்கது. பத்துக் கொள்கைகள் ஒரு நகரில் உரைக்கப்பட்டன என்பது ஒன்று. பத்தையும் ஒருத்தி கேட்டாள் என்பது மற்றொன்று. முன்னையது நகரத்தின் இயல்பு. பின்னையது அவளது நடையின் பயன். வஞ்சியில் வாழ்ந்த ஏனையோர் தத்தம் ஆசானிடம் மாத்திரமே சென்று மீண்டிருத்தல் கூடும். அவ்வாறாயின், பதின்மர் இருந்தமையால் அவர்களுக்கு விளைந்த பயன் யாது?

மேலும் ஒன்று. இளம் பெண்ணாகிய அவளுக்கு எவரும் தத்தம் சமயப் பொருளை உரையார் என்று எச்சரிக்கப்பட்டதனால், மணிமேகலை மாதவன் ஒருவனின் உருக்கொண்டே அக்கணக்கரிடம் செல்கின்றாள். பன்மை இருந்தது, அதனை அணுகும் உரிமை எல்லார்க்கும் ஒப்ப இருக்கவில்லை.

இன்று தொலைக்காட்சியின் ‘தகவற் பன்மை’ பற்றி எழும் விவாதங்களின் வேர் இவ்வேறுபாட்டிலேயே உள்ளது எனலாம். எத்தனை வகைத் தகவல்கள் ஒளிபரப்பப்படுகின்றன என்பது ஒரு வினா. எத்தனை வகைத் தகவல்கள் பார்க்கப்படுகின்றன என்பது வேறொரு வினா. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதனால் கொள்கை வகுப்போர் மாத்திரமன்றி நீதிமன்றங்களும் இடர்ப்பட்டுள்ளன. அளவீடு என்றவுடன் இது புள்ளிவிபரவியலாளரின் தொழில், தத்துவத்துக்கு இங்கு இடமில்லை எனச் சிலர் எண்ணலாம். ஆயின் எதனை அளப்பது என்று தீர்மானிக்கும்பொழுதே எது நன்று என்பதையும் நாம் ஓரளவு தீர்மானித்து விடுகின்றோம். அத்தீர்மானம் வாய்பாட்டுக்குள் மறைந்திருப்பதனால் அது அறவியற் கேள்வியாக நமக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவே.

முதலில் வாய்பாட்டைச் சற்று நோக்குவோம். 1948ஆம் ஆண்டில் குளோட் ஷனன், தொலைபேசி, தந்தி முதலியவற்றின் ஆற்றலைக் கணிப்பதற்கு ஒரு கணிதக் கோட்பாட்டை வெளியிட்டார். ஒரு மூலத்திலிருந்து அடுத்து எச்செய்தி வரும் என்று முன்கூட்டிச் சொல்லவியலாமையின் அளவே அம்மூலத்தின் தகவலளவு என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டிலே எட்வேட் சிம்சன் என்னும் புள்ளிவிபரவியலாளர் உயிரினங்களின் பன்மையை அளக்கச் சுட்டெண் ஒன்றைத் தந்தார். ஒரு காட்டில் தற்செயலாக எடுக்கப்படும் இரண்டு உயிர்கள் ஒரே இனத்தனவாக அமைவதற்குரிய நிகழ்தகவு யாது என்று அது வினவும். பொருளியலாளர் சந்தைச் செறிவை அளக்கக் கையாளும் ஹேர்பின்டால் சுட்டெண்ணும் வடிவில் இதனையே ஒத்தது. தொலைக்காட்சி ஆய்வாளர் இக்கருவிகளைக் கடன் வாங்கினர்.

எளிய உதாரணம் ஒன்று போதும். ஒரு நாட்டின் ஒளிபரப்பு நேரம் செய்தி, நாடகம், இசை, விளையாட்டு, கல்வி என்னும் ஐந்து வகைகளுக்கும் 20 வீதமாகச் சமமாய்ப் பகிரப்பட்டுள்ளது எனக் கொள்வோம். ஷனனின் முறைப்படி அதன் பன்மை 2.32 பிற். ஐந்து வகைகளைக் கொண்டு இதனினும் கூடிய பன்மையை எய்துதல் இயலாது. இனி, அந்நாட்டு மக்கள் தமது பார்வை நேரத்தில் 80 வீதத்தை நாடகத்துக்கும் ஏனைய நான்கிற்கும் 5 வீதமாகவும் செலவிடுகின்றனர் எனின், பார்வையின் பன்மை 1.12 பிற்றாகக் குறைகின்றது. சிம்சனின் முறையிற் கணித்தால் ஒளிபரப்பிலே ‘பயனுறு வகைகள்’ 5. பார்வையிலோ ஏறத்தாழ 1.5. ஒரே நாடு, ஒரே இரவு, இரண்டு எண்கள். ஒளிபரப்பாளர் முதலாவது எண்ணைக் காட்டித் தம் கடமை முடிந்தது என்பர். குறை கூறுவோர் இரண்டாவது எண்ணைக் காட்டுவர்.

இவ்விடத்தில் வகைப்பாடு பற்றி ஒரு சொல். காட்டிலுள்ள உயிரினங்களை இயற்கையே ஓரளவு வகுத்துத் தந்துள்ளது. நிகழ்ச்சிகளை வகுப்பவர் மனிதர். ஒரே முதலாளியின் ஒரே நோக்கை உரைக்கும் பத்துச் செய்தியறிக்கைகளைப் பத்தெனக் கொள்வதா, ஒன்றெனக் கொள்வதா? சாதிக் கொடுமையைப் பொருளாகக் கொண்ட ஒரு நாடகம் ‘பொழுதுபோக்கு’ என்னும் பெட்டியினுள் இடப்பட்டால், தகவல் என்ற வகையில் அது இல்லாததாகி விடுகின்றது. இந்தியப் புள்ளிவிபரவியலாளர் சி. ஆர். ராவ் 1982ஆம் ஆண்டில், வகைகளின் எண்ணிக்கையோடு அவற்றுக்கிடையேயுள்ள தொலைவையும் கணக்கிற் கொள்ளும் அளவு ஒன்றை முன்வைத்தார். இரண்டு பாட்டுப் போட்டிகளுக்கு இடையேயுள்ள தொலைவு குறுகியது. பாட்டுப் போட்டிக்கும் பாராளுமன்ற விவாதத்துக்கும் இடையேயுள்ள தொலைவு பெரியது. கருத்தளவில் இது பெரும் முன்னேற்றமே. எனினும் அத்தொலைவை யார் அளப்பது என்ற வினா எஞ்சுகின்றது. பெட்டிகளுக்குப் பெயரிடும் கையிலேயே பாதி முடிவு தங்கியுள்ளது.

அலைவரிசைகள் பெருகினால் பன்மையும் பெருகும் என்பது பலரது நம்பிக்கை. இந்நம்பிக்கையை 1952ஆம் ஆண்டிலேயே பீற்றர் ஸ்ரைனர் என்னும் பொருளியலாளர் ஐயுற்றார். அவரது தருக்கத்தை எண்களிற் கூறுவோம். 1,000 பேரில் 800 பேர் நாடகத்தையும், 180 பேர் இசையையும், 20 பேர் உரையாடலையும் மாத்திரமே விரும்புகின்றனர் எனவும், ஒரே வகையைத் தரும் நிலையங்கள் அதன் நேயர்களைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் எனவும் கொள்வோம். விளம்பரப் பணத்துக்காகப் போட்டியிடும் மூன்று நிலையங்களும் நாடகத்தையே ஒளிபரப்பும். ஏனெனில் 800இன் மூன்றிலொரு பங்கு ஏறத்தாழ 267, அது 180இனும் பெரிது. நான்காவது நிலையம் வந்தாலும் நாடகத்தையே நாடும். ஐந்தாவது நிலையமே இசையை நினைத்துப் பார்க்கும். உரையாடலை விரும்பும் இருபது பேரின் முறை எப்பொழுது வரும் என்பதை வாசகரே கணித்துக் கொள்ளலாம். மாறாக மூன்று நிலையங்களும் ஒருவரின் கையிலிருப்பின், தம்முள்ளே தாமே போட்டியிடுவது வீண் என்பதனால், அவர் மூன்று வகைகளையும் தருவார். பின்வந்த பொருளியலாளர் இக்கருதுகோள்களைத் தளர்த்திப் பார்த்து முடிவைத் திருத்தியுள்ளனர். மனிதர் தம் முதல் விருப்பம் கிடையாவிடின் இரண்டாவதையும் பார்ப்பவர்களே. எனினும் தெரிவுகளின் எண்ணிக்கை வேறு, தெரிவின் பன்மை வேறு என்ற உண்மை நிலைத்து நிற்கின்றது. தனியுரிமையைப் போற்றுவதற்கு இதனை ஆதாரமாகக் கொள்வோர், அத்தனி உடைமையாளர் அரசியற் செய்தியையும் தானே எழுதுவார் என்பதை மறந்து விடுகின்றனர்.

இனிப் பார்வையாளர் பக்கம் திரும்புவோம். பார்வை என்பது எவ்வாறு அளக்கப்படுகின்றது? அமெரிக்காவிலே நீல்சன் நிறுவனம் முதலில் வானொலிக்கும் 1950ஆம் ஆண்டு முதல் தொலைக்காட்சிக்கும் பயன்படுத்திய கருவி, பெட்டி எந்த அலைவரிசையிற் பொருத்தப்பட்டிருந்தது என்பதை மாத்திரமே பதிவு செய்தது. அறையில் எவரேனும் இருந்தனரா என்பதை அது அறியாது. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தமக்குரிய பொத்தானை அழுத்தும் கருவி அங்கு 1987ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னர் பிரித்தானியாவிலே பீற்றர் கொலெற் என்னும் உளவியலாளர், பெட்டிக்குள்ளேயே ஒளிப்படக் கருவியொன்றை அமைத்துப் பார்ப்போரைப் பார்த்தார். உண்போர், உறங்குவோர், உரையாடுவோர் எனப் பலரும் அப்படங்களிற் பதிவாயினர். ‘பார்த்தனர்’ என்று எண்கள் உரைக்கும்போது அது எத்துணை தளர்வான வினைச்சொல் என்பதை இச்சிறு செய்தி உணர்த்தும்.

குட்ஹார்ட், எரன்பேக், கொலின்ஸ் ஆகிய மூவரும் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இத்துறையின் மூல நூல்களுள் ஒன்று. ஒரு தொடர் நிகழ்ச்சியை இவ்வாரம் பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரே அடுத்த வாரமும் அதனைப் பார்க்கின்றனர் என்றும், அக்காலத்துப் பிரித்தானியரில் ‘செய்தி மாத்திரமே பார்ப்போர்’, ‘நாடகம் மாத்திரமே பார்ப்போர்’ எனத் தனிக்குழுக்கள் பெரிதாக இல்லை என்றும் அவர்கள் கண்டனர். தொழிலாளியும் மருத்துவரும் ஏறத்தாழ ஒரே கலவையையே பார்த்தனர். மூன்று அலைவரிசைகள் மாத்திரமே இருந்த நாட்டில் இது வியப்பன்று.

அலைவரிசைகள் நூற்றுக்கணக்கிற் பெருகியபின் நிகழ்ந்தது யாது? நீல்சன் நிறுவனத்தின் கணக்கின்படி 2008ஆம் ஆண்டில் சராசரி அமெரிக்க வீடொன்றுக்கு 129 அலைவரிசைகள் கிடைத்தன, பார்க்கப்பட்டவை 17. 2013ஆம் ஆண்டிலே கிடைத்தவை 189. பார்க்கப்பட்டவை அப்பொழுதும் 17 அல்லது 18. அறுபது அலைவரிசைகள் புதிதாக வந்து வாயிலில் நின்றன. வீட்டினுள்ளே ஒன்றுகூட நுழையவில்லை எனலாம். இதற்கும் முன்னரே இதியேல் டி சோலா பூல் என்னும் அறிஞர், 1960ஆம் ஆண்டுக்கும் 1977ஆம் ஆண்டுக்கும் இடையில் பதினேழு ஊடகங்கள் வழியாக அமெரிக்கருக்கு வழங்கப்பட்ட சொற்கள் ஆண்டுக்கு 8.9 வீதம் பெருகின என்றும், உண்மையில் நுகரப்பட்ட சொற்கள் 2.9 வீதமே பெருகின என்றும் 1983இல் எழுதினார். யப்பானிய அஞ்சல் தொலைத்தொடர்பு அமைச்சு மேற்கொண்ட தகவலோட்டக் கணக்கெடுப்பே அவருக்கு முன்மாதிரியாக அமைந்தது.

வழங்கலுக்கும் நுகர்வுக்கும் இடையேயுள்ள இவ்விடைவெளி தன்னளவிற் குற்றமன்று. நம் பல்கலைக்கழக நூலகத்தின் நூல்களில் எத்தனையை நாம் ஒவ்வொருவரும் படித்துள்ளோம்? படியாத நூல்கள் வீண் என எவரும் கூறார். வேண்டிய பொழுதில் ஒருவன் சென்று எடுக்கலாம் என்பதே நூலகத்தின் நியாயம். ஆகவே இடைவெளியின் அளவைவிட அதன் அமைப்பே நம் கவனத்துக்குரியது.

அமைப்பு என நான் கருதுவதை இரு ஊர்களைக் கொண்டு விளக்குதல் பொருத்தமுடைத்து. முதலாம் ஊரில் ஆயிரம் பேர். ஒவ்வொருவரும் தமது பார்வை நேரத்தின் பாதியை அரசுசார் செய்திக்கும் பாதியை மாற்றுக் கருத்துடைய செய்திக்கும் செலவிடுகின்றனர். இரண்டாம் ஊரிலும் ஆயிரம் பேர். அங்கே ஐந்நூறு பேர் அரசுசார் செய்தியை மாத்திரமே பார்க்கின்றனர். ஏனைய ஐந்நூறு பேர் மற்றையதை மாத்திரமே பார்க்கின்றனர். ஊர் முழுவதையும் கூட்டிக் கணித்தால் இரண்டு ஊர்களிலும் பார்வையின் பன்மை ஒரு பிற்றே. அளவுகோல் இரண்டையும் சமமெனத் தீர்ப்பளிக்கும். தனி மனிதரைக் கணித்தாலோ முதலாம் ஊரவர் ஒவ்வொருவரிடமும் ஒரு பிற்; இரண்டாம் ஊரவர் ஒவ்வொருவரிடமும் சுழியம். ஷனனின் கணிதம் இதற்கு வழியற்றதன்று. மொத்தப் பன்மையை ‘ஒவ்வொருவருள்ளும் உள்ள பன்மை’, ‘ஒருவர்க்கொருவர் உள்ள வேறுபாடு’ என இரண்டாகப் பிரிக்கலாம்; இரண்டின் கூட்டுத்தொகையே மொத்தம். ஆயின் அறிக்கைகளில் மொத்தமே பெரும்பாலும் வெளிவருகின்றது. மொத்தத்தை மாத்திரம் கண்டு மகிழும் ஆட்சியாளன், இரண்டாம் ஊர் இரண்டு பாசறைகளாகப் பிரிந்து கிடப்பதை அறியவே மாட்டான்.

இவ்விரு ஊர்களும் வெறுங் கற்பனை என்று ஒதுக்குதல் நமக்கு, அதாவது இந்நாட்டில் வாழும் நமக்கு, இயலாது. 1979ஆம் ஆண்டில் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982ஆம் ஆண்டில் ரூபவாஹினியும் தொடங்கிய காலத்திலே அலைவரிசைகள் சில, மொழிகள் மூன்று. ஒரே திரையில் ஒன்றன்பின் ஒன்றாக மும்மொழிகளும் வந்தன. தமிழுக்குக் கிடைத்த நேரம் சிறிது. அச்சிறு நேரம் பற்றிய மனக்குறை நியாயமானதே. பின்னர் 1998ஆம் ஆண்டில் சக்தியும் 2009ஆம் ஆண்டில் வசந்தமும் எனத் தனித் தமிழ் அலைவரிசைகள் தோன்றின. தமிழ் நேயருக்கு இது மெய்யான பேறு. அதனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. டச்சு ஆய்வாளர் யான் வான் கொய்லன்பேர்க் போன்றோர் இத்தகைய பன்மையைப் ‘பிரதிபலிக்கும் பன்மை’ என்பர்: மக்களிடையே உள்ள வேறுபாடுகள் அவ்வவ்விகிதத்திலே திரையிலும் அமைதல். ஆயினும் அதே மாற்றத்தினால், சிங்கள நேயர் தமிழ்ச் செய்தியைத் தற்செயலாகவேனும் காணும் வாய்ப்பும், தமிழ் நேயர் சிங்களச் செய்தி முடியும்வரை காத்திருக்கும் தொல்லையும் ஒருங்கே மறைந்தன. தொல்லை மறைந்தது நன்று. வாய்ப்பு மறைந்ததை எவரும் கணக்கிடவில்லை.

எனது மாணவப் பருவத்து அனுபவம் ஒன்றை இங்கே கூறுதல் தவறாகாது. எங்கள் விடுதியின் பொதுக் கூடத்தில் ஒரேயொரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அலைவரிசையை மாற்றுவது பற்றிய பிணக்கு நாள்தோறும் நிகழும். சில நாட்களில் மேற்பார்வையாளர் வந்தே அதனைத் தீர்ப்பார். எனினும் ஒரு மொழிச் செய்திக்கு வந்தவர் மறு மொழிச் செய்தி முடியும்வரை அங்கே இருப்பதுண்டு. ஒரே நாளின் ஒரே நிகழ்வு இரண்டு அறிக்கைகளில் இரண்டு விதமாக வந்தது; ஒன்றில் முதலாவதாக வந்த செய்தி மற்றையதில் வரவேயில்லை. ஒருநாள் என் அறைத்தோழன், சிங்களம் பேசுபவன், தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது, “இதைப் பற்றி உங்கள் ஆட்கள் என்ன சொல்கிறார்கள்?” என்று கேட்டான். நான் கூறினேன். அவன் நம்பவில்லை. நெடுநேரம் வாதிட்டோம், முடிவு எதுவும் ஏற்படவில்லை. இன்று அத்தகைய கூடங்களிற் பெட்டி பெரும்பாலும் அணைந்தே கிடக்கின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை, பிணக்கு இல்லை.

அக்காலத்தை மீட்க வேண்டும் என்பது என் கருத்தன்று. ஒரு பெட்டி, ஒரு குரல் என்றிருந்த நாடுகளில் அந்த ஒற்றுமை எதற்குப் பயன்பட்டது என்பதை நாம் அறிவோம். எனினும் அமெரிக்க அரசியல் அறிஞர் மார்க்கஸ் பிரையர் 2007ஆம் ஆண்டு நூலொன்றில் முன்வைத்த வாதம் இங்கே கவனிக்கத்தக்கது. மூன்று பெரும் நிறுவனங்களும் மாலையிலே ஒரே வேளையில் செய்தியை ஒளிபரப்பிய காலத்தில், செய்தியில் நாட்டமில்லாதோரும் வேறு தெரிவின்மையால் அதனைப் பார்த்தனர், ஓரளவு அறிந்தனர், வாக்களிக்கவும் சென்றனர். கம்பிவழித் தொலைக்காட்சி வந்தபின் செய்தி விரும்பிகள் மேலும் மேலும் செய்தியைப் பார்த்தனர். ஏனையோர் முற்றாக விலகினர். சராசரி பெரிதும் மாறவில்லை. பகிர்வே மாறியது. விரிந்த சுதந்திரம் அறிவின் ஏற்றத்தாழ்வையும் விரித்தது என்பது அவரது முடிவு.

இங்கே ஒரு வன்மையான எதிர்வாதம் எழும். ஒருவன் தன் வீட்டில் எதனைப் பார்க்கின்றான் என்பதை அளந்து, அது போதிய பன்மையுடையதன்று என்று தீர்ப்பளிக்க எவருக்கு உரிமை? நாள் முழுவதும் கொழுந்து பறித்துத் திரும்பிய ஒருத்தி, இரவிலே ஒரு நாடகத்தைப் பார்த்து உறங்க விரும்பின், அவளிடம் சென்று உன் பார்வையின் பன்மை 0.3 பிற் என்று கூறுவதைக் காட்டிலும் அநாகரிகம் வேறில்லை. இவ்வாதத்தை நான் ஏற்கின்றேன். யோன் ஸ்ருவேட் மில் 1859ஆம் ஆண்டில் சுதந்திரம் பற்றி எழுதிய நூலில், தன் பக்கத்து நியாயத்தை மாத்திரம் அறிந்தவன் அதனையும் செம்மையாக அறியான் என வாதிட்டார். அதே நூலிலேதான், ஒருவனின் நன்மையைக் காரணங்காட்டி அவனைக் கட்டாயப்படுத்தலாகாது என்றும் வாதிட்டார். இரண்டையும் ஒருங்கே ஏற்பவர் எங்கு நிற்பது? அளவீட்டின் முகவரி எது என்பதிலேயே விடை உள்ளதாக எனக்குத் தோன்றுகின்றது. பார்வையை அளப்பது பார்ப்பவரை எடைபோடுவதற்காக அன்று. பார்வைக்கு வழியமைத்தவரை வினவுவதற்காக. சிறுபான்மையினர் பற்றிய விவரணம் நள்ளிரவு கடந்தபின் ஒளிபரப்பப்பட்டால் ஒளிபரப்புக் கணக்கில் அதற்கும் ஒரு மணித்தியாலம் பதிவாகும். பார்வைக் கணக்கே அதனைக் காட்டிக்கொடுக்கும்.

அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்று இவ்விடரை நன்கு புலப்படுத்தும். 2003ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அங்குள்ள கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு, ஒரே நகரில் பத்திரிகையும் தொலைக்காட்சியும் வானொலியும் ஒருவரிடமே இருக்கலாமா என்பதைத் தீர்மானிக்கப் ‘பன்மைச் சுட்டெண்’ ஒன்றை உருவாக்கியது. ஊடகங்களுக்குரிய நிறைகள் மக்களிடம் நடத்திய ஆய்விலிருந்து பெறப்பட்டன: தொலைக்காட்சிக்கு 33.8 வீதம், வானொலிக்கு 24.9, நாளிதழுக்கு 20.2, வார இதழுக்கு 8.6, இணையத்துக்கு 12.5. இதுவரை அளக்கப்பட்டது பயன்பாடு. ஆயின் ஒவ்வோர் ஊடகத்தினுள்ளும் எல்லா நிலையங்களும் சமம் எனக் கொள்ளப்பட்டது. கிடைப்பதே போதும், எத்தனை பேர் பார்க்கின்றனர் என்பது வேண்டியதில்லை என்பது அதற்குக் காட்டப்பட்ட நியாயம். விளைவு யாது? நியூயோர்க் சந்தையில் டச்சஸ் சமூகக் கல்லூரியின் தொலைக்காட்சி நிலையமும் ஏபீசீ நிறுவனத்தின் நிலையங்களும் ஒரே நிறை பெற்றன. அக்கல்லூரி நிலையத்தின் நிறை, நியூயோர்க் ரைம்ஸ் நிறுவனத்தின் நாளிதழும் வானொலியும் சேர்ந்து பெற்ற நிறையைவிடக் கூடியதாயிற்று! மூன்றாம் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2004ஆம் ஆண்டில் இதனை எடுத்துக்காட்டி, அவ்விதிகளை மீளாய்வுக்குத் திருப்பியனுப்பியது. சுட்டெண்ணும் பின்னர் கைவிடப்பட்டது.

இதனைக் கேட்டு நகைத்தல் எளிது. ஆய்வுக் கூட்டங்களிற் பலரும் நகைத்தே கடந்து செல்கின்றனர். ஆயின் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல்லூரி நிலையத்துக்கு அதன் நேயர் தொகைப்படியே நிறை வழங்கியிருந்தால், அது சுழியத்தை அண்மித்திருக்கும். சிறு குரல்கள் யாவும் கணக்கிலிருந்து மறைந்து, பெரியோர் பெரியோரே என்னும் செய்தியை மாத்திரம் அச்சுட்டெண் நமக்குத் திருப்பிக் கூறியிருக்கும். அவ்வாறாயின் அது நேயர் கணிப்பு, பன்மையளவு அன்று. ஆணைக்குழுவின் பிழை, இரண்டு வேறு வினாக்களுக்குரிய விடைகளை ஒரே எண்ணிற் கலந்தமையே. கிடைப்பது எவ்வளவு என்பதைத் தனியாகவும், அடைவது எவ்வளவு என்பதைத் தனியாகவும் கணித்து, இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மறைக்காது வெளியிட்டிருப்பின், நீதிபதிகள் வேறொரு வகையில் வாதிட நேர்ந்திருக்கும்.

எனினும் இவ்விரண்டு எண்களும்கூட நான் தேடுவதை முற்றாகத் தாரா. ஓர் இனத்தின், ஒரு வகுப்பின், ஒரு பிரதேசத்தின் குரல் திரையில் எத்தனை மணித்தியாலம் ஒலித்தது என்பது ஒன்று. எத்தனை பேர் அதனைக் கேட்டனர் என்பது இன்னொன்று. அக்குரலுக்கு உரியோர் அல்லாதாரில் எத்தனை பேர் கேட்டனர் என்பது மூன்றாவது. மலையகத் தொழிலாளரின் சம்பளப் பிரச்சினை பற்றிய நிகழ்ச்சியை மலையகத்தவரே பார்த்து முடித்தால், ஒளிபரப்பும் உண்டு, பார்வையும் உண்டு. அதனை அறிய வேண்டியவர் அறியவில்லை. தம்மைத் தாமே கேட்டுக்கொள்வதும் மனிதர்க்கு வேண்டியதே. அதனை மறுக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. ஆனால் குடியாட்சியின் தொலைக்காட்சி பற்றிப் பேசும்போது மூன்றாவது எண்ணை விட்டுவிடுவதற்கு நியாயம் காணேன். மேலே கூறிய பிரிப்பு முறையைக் கொண்டு இதனைக் கணித்தல் கடினமன்று. யார் எதனைப் பார்த்தார் என்ற தரவு தனித்தனியாக இருந்தாற் போதும். தடையாக நிற்பது கணிதமன்று. இத்தகைய தரவு பெரும்பாலும் விளம்பரதாரருக்காகவே திரட்டப்படுகின்றது என்பதே. அவருக்கு வேண்டியது எத்தனை கண்கள் என்ற தொகை. யாருடைய வாழ்வு யாருடைய கண்களுக்கு எட்டியது என்பது அவருக்கு வேண்டாத வினா.

ஆகவே இதனைத் தொடங்கும் பொறுப்பு நம்போன்றோரிடம் வந்து சேர்கின்றது. பெருங் கருவிகள் வேண்டியதில்லை. வருந் தவணையில் நம் விடுதிகளில் நூறு மாணவர், ஒரு வாரம், தாம் பார்த்த செய்திகளையும் நிகழ்ச்சிகளையும் (தொலைபேசித் திரையிற் கண்டவை உட்பட) நாட்குறிப்பாக எழுதலாம். புள்ளிவிபரவியல் பயிலும் நண்பர்கள் மொத்தப் பன்மையையும் தனியாட் பன்மையையும் பிரித்துத் தருவர். எவ்வகைகளைக் கொண்டு படிவத்தை வரைவது என்பதிலேயே முதற் பிணக்கு எழும் என எதிர்பார்க்கின்றேன். அது எழுதல் நன்று. தமிழ்ச் சங்கம் இதனைத் தனித்துச் செய்தால், நான் மேலே குறை கூறிய இரண்டாம் ஊரையே நாமும் கட்டியவராவோம். ஏனைய மாணவர் சங்கங்களையும் முதற் கூட்டத்துக்கே அழைத்தல் வேண்டும். படிவத்தை மும்மொழியிலும் அச்சிடும் செலவு பெரிதன்று.